புது டாக்டரை மலையில் தனியே விடாதீர்கள்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கும், பொது சுகாதாரத் துறை இயக்குநருக்கும், மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநருக்கும், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கும்

வணக்கம்.

நான் வட்டார மருத்துவ அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். உதவி மருத்துவர்களுக்கான அடுத்த கலந்தாய்வுக்கு முன்னால் ஒரு விஷயத்தை உங்கள் காதில் போட்டுவிட வேண்டும் என்று எழுதுகிறேன். மனுவாக அனுப்பினால் 'உரிய நடவடிக்கைக்காக' என்ற குறிப்போடு மேசை மேசையாக நகர்ந்து கடைசியில் என் பழைய அலுவலகத்துக்கே வந்து சேரும். அதனால்தான் திறந்த மடல்.

வாரியத் தேர்வில் தேறி வரும் எம்.பி.பி.எஸ். மருத்துவருக்கு முதல் பணியிடம் பெரும்பாலும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். கலந்தாய்வில் தரவரிசைப்படி கூப்பிடுகிறீர்கள். சென்னை, கோவை, மதுரை பக்கம் பஸ் வசதியோடு, நாலைந்து டாக்டர்கள் சேர்ந்து வேலை பார்க்கும் இடங்கள் முதலில் போய்விடும். கடைசியில் மிஞ்சுவது ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, அஞ்செட்டி, பர்கூர் மலை. பட்டியலின் அடியில் இருப்பவருக்கு வேறு வழியில்லை, எடுத்துக்கொள்வார். ஆக, சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆளே இல்லாத இடத்துக்கு, இதுவரை எதையும் தானாக முடிவெடுத்திராத ஒருவரை அனுப்பி வைக்கிறோம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கலந்தாய்வு ஒழுங்காக நடக்கிற காரணத்தாலேயே இப்படி ஆகிறது. சிபாரிசுக் கடிதங்கள் பறந்த காலத்தைப் பார்த்தவன் நான். வெளிப்படையான கலந்தாய்வு வேண்டாம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கே போவேன். வரிசை சரிதான், அந்த வரிசையில் எந்த இடங்களை வைக்கிறோம் என்பதில்தான் எனக்கு வழக்கு.

நான் கேட்பது இவ்வளவுதான். பணியில் சேரும் மருத்துவரின் முதல் ஓராண்டு, மூத்தவர்கள் இருக்கும் இடத்தில் கழியட்டும். வட்ட அரசு மருத்துவமனையோ, 30 படுக்கை உள்ள வட்டார ஆரம்ப சுகாதார நிலையமோ, எதுவானாலும் சரி. மலைக்கும் ஒற்றை டாக்டர் நிலையங்களுக்கும் அதற்கு அப்புறம் அனுப்புங்கள். அனுப்பும்போதே திரும்பி வரும் தேதியையும் ஆணையில் எழுதிக் கொடுங்கள்.

படிப்பின் கடைசியில் மருத்துவமனையில் பயிற்சி பெறும் ஹவுஸ் சர்ஜன் ஆண்டிலேயே கற்றுக்கொண்டுதானே வருகிறார்கள் என்பீர்கள். ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. 12 மாதம், துறை துறையாகச் சுழற்சி, அதில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரம். நடப்பது வேறு. பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளிக்கும் ஹவுஸ் சர்ஜனுக்கும் நடுவில் முதலாண்டு பி.ஜி. (முதுநிலை) மாணவர், அவருக்கு மேல் இறுதியாண்டு பி.ஜி., அவருக்கும் மேல் உதவிப் பேராசிரியர் என்று ஒரு வரிசையே நிற்கும். ஹவுஸ் சர்ஜன் ரத்தம் எடுப்பார், லேபுக்கு ஓடுவார், டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவார், ஆள் இல்லாவிட்டால் ஸ்ட்ரெச்சரும் தள்ளுவார். மிச்ச நேரத்தில் நீட் பி.ஜி. கேள்விகளைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது அந்தத் தேர்வு, கைப்பழக்கத்துக்கு அதில் மதிப்பெண் கிடையாது. பிரிட்டனில் பட்டம் வாங்கியவர்களுக்கு இரண்டு ஆண்டு ஃபவுண்டேஷன் பயிற்சி உண்டு. அந்தக் காலம் முழுக்க அவர்கள் செய்வதை ஒரு மூத்த மருத்துவர் கவனித்துக்கொண்டிருப்பார். நம் பிள்ளை ஒரு முடிவைத் தானே எடுத்து அதன் விளைவையும் தானே பார்ப்பது முதல் தடவையாக எங்கே நடக்கிறது? மலைமேல்.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது இருக்கிறது. கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு லேப் கூட வேண்டாம். மருந்தும் உண்டு, முறையும் தெரியும், ஆனாலும் கை தயங்கும். ஏனென்றால் அந்த மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுத்தது. சிலருக்கு ஏற்றிய சில நிமிடங்களில் ஒவ்வாமை வந்து ரத்த அழுத்தம் விழும், மூச்சு இழுக்கும். அட்ரினலினைச் சிரிஞ்சில் தயாராக எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பக்கத்தில் நின்று ஒருவர் சமாளித்ததை ஒரு தடவை பார்த்தவருக்கு அது தெரியும். பார்க்காதவர் 108-ஐக் கூப்பிட்டு, மருந்து போடாமலே கீழே அனுப்பிவிடுவார். மலைப்பாதையில் போகும் அந்த நேரத்தில்தான் கட்டுவிரியன் விஷம் மூச்சுத் தசைகளை மடக்கும்.

என் வட்டாரத்து மலை நிலையம் ஒன்றில் சேர்ந்த புதிதில் ஒரு பெண் மருத்துவர் இரவில் என்னைப் போனில் கூப்பிட்டார். கடித்தது கட்டுவிரியன், நோயாளிக்கு இமை தொங்க ஆரம்பித்துவிட்டது. எத்தனை குப்பி, எவ்வளவு சலைனில் கலப்பது, எவ்வளவு நேரத்தில் ஏற்றுவது எல்லாவற்றையும் பாடம் மாதிரி ஒப்பித்தார். நான் ஒரு திருத்தம் கூடச் சொல்லவில்லை. அப்புறம் கேட்டார்: "சார், போடட்டுமா?" போடும்மா என்றேன். சிஸ்டர் அதற்குள் அட்ரினலினை எடுத்து வைத்துவிட்டார், பழைய கை. அந்த ஆள் பிழைத்துக்கொண்டார். அன்று மலையில் சிக்னல் இருந்தது, நானும் விழித்திருந்தேன். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதை ஒரு ஏற்பாடு என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

தனியாக விடப்பட்டவர் சீக்கிரமே கற்றுக்கொள்ளும் வித்தை ஒன்று உண்டு. எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல் 'ரெஃபர்' எழுதுவது. பிரசவங்களில் இது நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டில் ஒரு தாய் இறந்தால் கலெக்டர் வரை தணிக்கை நடக்கிறது. அது நல்ல விஷயம், நம் தாய் இறப்பு விகிதம் இறங்கியதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்லும்போது உடன் ஒரு மூத்தவரும் இல்லாத இளம் மருத்துவர், அடுத்த மாதத்திலிருந்து ரத்தசோகை கொஞ்சம் இருந்தாலும், தாயின் உயரம் கொஞ்சம் குறைந்தாலும் மாவட்ட மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிவிடுவார். ஊர்க்காரர்கள் விவரமானவர்கள். இங்கே போனால் எப்படியும் அனுப்பத்தான் போகிறார்கள், நேராகவே போய்விடலாம் என்று கிளம்பிவிடுவார்கள். பிரசவ எண்ணிக்கை சரியும். சரிந்ததற்கும் விளக்கக் கடிதம் கேட்டு உங்கள் அலுவலகத்திலிருந்தே தாள் வரும். நானே பலருக்கு அந்தத் தாளை அனுப்பியிருக்கிறேன்.

கிராமம் என்றாலே டாக்டர்கள் ஓடுகிறார்கள் என்ற பழைய பல்லவியை இந்த இடத்தில் இழுக்காதீர்கள். 2007-இல் மத்திய அமைச்சராக இருந்த அன்புமணி ராமதாஸ் ஓராண்டு கிராமப் பணியைக் கட்டாயமாக்கப் பார்த்தார். மாணவர்கள் வீதியில் இறங்கினார்கள். கட்டாயத்தால் நடக்காததைத் தமிழ்நாடு வேறு வழியில் நடத்திக் காட்டியிருக்கிறது. அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு முதுநிலைப் பட்டப் படிப்பில் 50 விழுக்காடு இடம் என்றோம். இந்திய மருத்துவக் கவுன்சில் விதியைக் காட்டி அது தடைபட்டது. கடைசியில் 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அந்த ஒதுக்கீட்டைத் தரும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. தொலைதூர, கடினப் பகுதிகளில் பணியாற்றினால் ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் 30 விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் கொடுக்கவும் விதியில் வழி இருக்கிறது. அதனால் பிள்ளைகள் போகிறார்கள். எங்கே இடிக்கிறது என்றால், அங்கே இரண்டு மூன்று ஆண்டு தட்டுத் தடுமாறிக் கை பழகும் சமயத்தில் பி.ஜி. இடம் கிடைத்துக் கிளம்பிவிடுவார். அடுத்த புது ஆள் வருவார், மறுபடி அதே தடுமாற்றம். பயிற்சி பெறும் காலம் முழுவதும் மலைக்கு, பயிற்சியின் பலன் நகரத்துக்கு. அந்த முதல் ஓராண்டைக் கீழே வைத்துக்கொண்டால் மலைக்குப் போகிறவர் போன நாளிலிருந்தே உருப்படியாக வேலை செய்வார்.

ஓராண்டு கீழே வைத்தால் மலை காலியாகிவிடுமே என்பது நியாயமான கேள்வி. முதல் வருடம் கொஞ்சம் இழுபறி இருக்கத்தான் செய்யும், அதை மறைக்க விரும்பவில்லை. அந்த ஒரு வருடத்துக்கு, ஏற்கெனவே பணியில் இருப்பவர்களில் விருப்பமுள்ளவர்களுக்குக் கூடுதல் சலுகை கொடுத்து அனுப்பலாம். இரண்டாம் வருடத்திலிருந்து ஒவ்வோர் அணியும் முந்தைய அணியின் இடத்துக்குப் போகும். வட்டார நிலையத்தைத் தலைமையிடமாக வைத்து, புதியவர்கள் வாரத்தில் இரண்டு நாள் மலை நிலையத்துக்குப் போய் வரலாம், இரவுப் பணி மட்டும் கீழே. இப்போது பி.ஜி. மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். அவர்களோடு ஒரே வார்டில் நிற்பதே புதியவர்களுக்குப் பெரிய பாடம்.

உண்மையான முட்டுக்கட்டை வேறு இடத்தில் இருக்கிறது, அது உங்களுக்கும் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு இயக்ககம், வட்ட மருத்துவமனை இன்னொரு இயக்ககம், மருத்துவக் கல்லூரி மூன்றாவது. ஒன்றின் சம்பளத் தலைப்பில் இருப்பவர் இன்னொன்றில் ஓராண்டு வேலை பார்த்தால் கோப்பு திணறும். 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய மருத்துவக் கல்லூரிகள் திறந்தோமே, அப்போது மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் கைமாறியதைச் சமாளித்தவர்கள்தானே நாம்? மூன்று இயக்குநர்கள் ஒரே அறையில் ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிவிடுங்கள். அந்த முதல் ஓராண்டும் பணிக்காலமாக, முதுநிலை ஒதுக்கீட்டுத் தகுதிக்கும் பணிமூப்புக்கும் சேர வேண்டும். சேராவிட்டால் ஒருவரும் இந்த ஏற்பாட்டை ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

இன்னொரு விஷயம் இந்த நேரத்தில் சொல்லியே ஆக வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் என்று 2020-இல் சட்டம் கொண்டுவந்தோம். முதல் ஆண்டிலேயே 300-க்கும் மேற்பட்டோர் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். அந்த முதல் அணி ஹவுஸ் சர்ஜன் முடித்து வெளியே வரும் காலம் இது. கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் கிராமத்தில் தங்கிப் பணியாற்றும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமே 2010-இல் சொல்லியிருக்கிறது. அவர்களில் யாராவது சொந்த மாவட்டம் கேட்டால், சொந்த மலையைக் கேட்டால், ரேங்க் பார்க்காமல் கொடுங்கள். ஆனால் அவர்கள் கேட்க வேண்டும், நீங்கள் தள்ளக் கூடாது. அரசுப் பள்ளிப் பிள்ளை என்பதற்காகக் கிராமத்தை அவன் தலையில் மட்டும் கட்டிவிட்டு, கான்வென்ட் பிள்ளைக்குத் தாம்பரம் கொடுத்தால் அது சமூக நீதி ஆகாது.

மலைக்கு டாக்டர் போனால் மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். 2023-இல் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த கைக்குழந்தை, சரியான சாலை இல்லாத வழியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போதே இறந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது உங்கள் துறை மட்டும் இல்லை. உங்கள் கையில் இருப்பவற்றில் குடியிருப்பு ஒன்று. மலை நிலையங்களில் பல குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடக்கின்றன, அல்லது மழையில் ஒழுகுகின்றன. பெண் மருத்துவர் இரவில் எங்கே தங்குவார் என்பதைக் கேட்காமல் ஆணை போடுவதும், பிறகு அவர் தங்குவதில்லை என்று மெமோ கொடுப்பதும் ஒரே அலுவலகத்தில் நடக்கிற கூத்து.

கொள்கை முடிவு எடுக்க நாளாகும் என்றால், உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கலந்தாய்வுக்கு முன் நீங்கள் வெளியிடும் காலியிடப் பட்டியலில் மாவட்டமும் நிலையத்தின் பெயரும் காலியிட எண்ணிக்கையும் தெரியும். அதோடு இரண்டு கட்டம் சேருங்கள். அனுமதிக்கப்பட்ட மருத்துவர்கள் எத்தனை என்று இல்லாமல், இன்றைய தேதியில் அங்கே உண்மையில் வேலைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்? டெபுடேஷனில், அதாவது தற்காலிகமாக வேறு இடத்து வேலைக்குப் போனவர்களைக் கழித்துவிட்டுச் சொல்ல வேண்டும். இரண்டாவது, குடியிருப்பு குடியிருக்கத் தக்கதா? முதல் கட்டத்தில் சுழியம் என்று வரும் இடங்களை மட்டுமாவது புதியவர்களுக்கான பட்டியலிலிருந்து இந்த முறை எடுத்துவிடுங்கள். அதற்கு அரசாணை கூடத் தேவையில்லை, மாவட்ட அலுவலகங்களிலிருந்து ஒரு வாரத்தில் விவரம் வாங்கிவிடலாம். நாங்கள் அதைவிடக் குறைந்த நாளில் கொடுத்துப் பழகியவர்கள்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வட்டார மருத்துவ அலுவலர் ஒருவர்