அனர்த்தம் இருக்கட்டும், ‘திடீர்’ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் மீரியபெத்த மண்சரிவு பற்றிய உங்கள் கட்டுரைக்குச் சென்னை வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற இதழில் படித்தேன். அதில் நீங்கள் எழுதிய அனர்த்தம் என்றால் அர்த்தம் கெட்டுப்போவதாம். மண்சரிவுக்கு அது பொருந்தாதாம். பேரிடர் என்றே எழுத வேண்டுமாம்.

‘அர்த்தத்தை அனர்த்தமாக்கிவிட்டான்’ என்ற பேச்சே அவர் காதில் நிற்கிறது போலும். அர்த்தம் என்ற வடசொல்லுக்குச் செல்வம், பயன் என்ற பொருள்களும் உண்டு. அர்த்தசாஸ்திரம் அகராதி நூலா என்ன? நம்முடைய ‘பொருள்’ என்ற சொல்லும் அப்படித்தான்: சொல்லில் இருப்பதும் பொருள், பெட்டியில் இருப்பதும் பொருள். அனர்த்தத்துக்குக் கேடு, துன்பம் என்ற பொருள் வடமொழியிலேயே இருக்கிறது. நாங்கள் புதிதாகக் கட்டிவிட்டதில்லை.

பேரிடரும் நல்ல சொல். ‘இடரினும் தளரினும்’ என்று சம்பந்தர் பாடிய இடர் அல்லவா? 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005இல் இந்தியா, இலங்கை இரண்டு நாடுகளிலும் சட்டம் வந்தது. அங்கே பேரிடர் மேலாண்மை, இங்கே அனர்த்த முகாமைத்துவம். அவரவர் வழக்கு அவரவர்க்கு. (மரக்கிளை முறிந்ததையும் அனர்த்தம் என்று எழுதும் எங்கள் ஊர்ச் செய்தியாளர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.)

எனக்கு உறுத்தியது வேறு. கட்டுரைத் தலைப்பில் ‘திடீர் அனர்த்தம்’ என்று போட்டிருந்தீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை, மீரியபெத்த தேயிலைத் தோட்டத்து லயன்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போயின. அந்த மலைச்சரிவு குடியிருக்க ஏற்றதல்ல, மக்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. மாற்று வீடும் காணியும் கிடைக்காமல், அதே லயன்களில் இருந்து அதே மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனவர்களுக்கு எது திடீர்?

அனர்த்தம் என்ற சொல்லுக்குள் திடீர் என்ற பொருள் கிடையாது. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வாட்டும் வரட்சியும் எங்களுக்கு அனர்த்தம்தான். நீங்கள் ஒட்டவைத்த அந்த ஒரு சொல், முன்னமே தெரிந்திருந்தும் அசையாமல் இருந்தவர்களை எல்லாம் தப்பவிட்டுவிடுகிறது.

சென்னை வாசகர் கேட்டபடி அனர்த்தத்தை மாற்ற வேண்டாம். இணையப் பதிப்பிலாவது ‘திடீர்’ என்பதை எடுத்துவிடுவீர்களா?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பண்டாரவளை