'போஷ்' கப்பலில் வரவில்லை: ஸ்போக்கன் இங்கிலீஷ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஆடம்பரமான, மேல்தட்டு என்ற பொருளில் வரும் 'போஷ்' (posh) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நீங்கள் சொல்லிவரும் கப்பல் கதையை இனி வரலாறு என்று சொல்லிக்கொடுக்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். உறவுக்காரப் பையன் ஒருவன் வகுப்பில் கொடுத்த ஜெராக்ஸ் தாளைக் காட்டினான். மேலே கப்பல் படம், கீழே நான்கு எழுத்துகளும் விளக்கமும், ஓரத்தில் 'மனப்பாடம் செய்க' என்று ஒரு குறிப்பு.

கதை இதுதான். துரைமார்கள் இந்தியாவுக்கு வரும்போது கப்பலின் இடப்பக்க அறையையும், ஊர் திரும்பும்போது வலப்பக்க அறையையும் கேட்டு வாங்குவார்களாம். இரண்டு முறையும் அது வடக்குப் பக்கம் என்பதால் வெயில் குறைவாம். 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதன் முதலெழுத்துகளை பி அண்ட் ஓ கப்பல் கம்பெனி டிக்கெட்டில் முத்திரையாகக் குத்தியதாம்.

கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. கதை அச்சில் தலைகாட்டியதாகத் தெரிவதே 1935-ல்தான். சொல்லோ அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. 1918 செப்டம்பரில் லண்டன் 'பஞ்ச்' இதழில் வந்த கேலிச்சித்திரத்தில், விமானப்படை இளைஞன் ஒருவன் தன் அம்மாவிடம் இந்தச் சொல்லைப் பேசுகிறான். கப்பல் வாசனையே அதில் கிடையாது.

வெயில் கணக்கும் இடிக்கிறது. சூயஸைத் தாண்டியதும் கப்பல் செங்கடலில் தென்கிழக்காக இறங்கும். அங்கே இடப்பக்கம் கிழக்கைப் பார்க்கும். காலை வெயில் நேரே அந்த அறைக்குள் வரும். அரபிக்கடலில் வடக்குப் பக்கம் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கலாம். புழுக்கத்துக்குப் பேர்போன செங்கடலில் அந்தச் சலுகை கிடையாது.

அப்படியானால் எங்கிருந்து வந்தது? சொல்லின் மூலம் உறுதியாகவில்லை என்கிறது ஆக்ஸ்ஃபோர்டு அகராதி. பலரும் கைகாட்டுவது ரோமானி மொழியை. அதில் 'போஷ்' என்றால் பாதி. அது அரைப்பென்னி காசுக்குப் பெயராகி, 19ஆம் நூற்றாண்டில் லண்டன் திருடர்களின் குழூஉக்குறியில் பணத்தைக் குறித்தது. அந்த நூற்றாண்டின் இறுதியில் வந்த கொச்சைச்சொல் அகராதியிலோ ஆடம்பரமாக உடுத்தும் மைனருக்கு அதுதான் பெயர். இவற்றுக்கும் இன்றைய போஷுக்கும் தொடர்பு உண்டு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ரோமானி வட இந்தியாவிலிருந்து கிளம்பிப் போனவர்களின் மொழி. வகுப்பில் இந்தியத் தொடர்பு ஒன்று வேண்டுமென்றால், டிக்கெட் முத்திரையைவிட இது எவ்வளவோ மேல்.

முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்வது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம். முதல் உலகப்போரில் ஆன்சாக் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை), இரண்டாவதில் ரேடார் என்று வந்தவை அவை. பழைய சொல்லுக்கு இப்படி விளக்கம் கிடைத்தால் முதலில் சந்தேகப்படுங்கள். நான்கு திசைகளிலிருந்து 'நியூஸ்' வந்தது என்பதும் இதே ரகம்தான். 'நியூ' என்பதன் பன்மையாகப் பிறந்த சொல் அது. நம் ஆபீஸ்களில் 'போஷ் ஆக்ட்' என்கிறோமே, பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அது மட்டும் நிஜமாகவே முதலெழுத்துச் சொல். கப்பலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூலத்தைவிட மாணவர்களுக்கு அவசியமான விஷயம் வேறு. நம் ஊரில் 'போஷ் ஏரியா' என்றால் பாராட்டு, வீட்டு விளம்பரத்திலேயே போடுவார்கள். பிரிட்டனில் அப்படியில்லை. மேல்தட்டு ஆள், அந்த உச்சரிப்பு, அந்தப் பள்ளிக்கூடம் என்று மெல்லிய குத்தலோடு அங்கே சொல்வார்கள். அங்கே வேலைக்குப் போகும் பையன் மேனேஜரிடம் 'உங்கள் இங்கிலீஷ் ரொம்ப போஷ்' என்று மரியாதையாகச் சொன்னால், அவர் சிரித்தாலும் சிரிப்பார், முகம் சுளித்தாலும் சுளிப்பார். அடுத்த பேட்சுக்கு, கப்பல் கதைக்குச் செலவிடும் நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். கப்பல் கதையை விட மனமில்லையென்றால் சொல்லுங்கள், கட்டுக்கதை என்று சொல்லிவிட்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகன்