தர்க்கூமியாவில் மாவு மூட்டை தூக்கியவர்களுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே,

உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. 2024 மே மாதம், மேற்குக் கரையின் ஹெப்ரான் நகருக்கு மேற்கே இருக்கும் தர்க்கூமியா சோதனைச்சாவடியிலிருந்து வந்த வீடியோக்களில்தான் உங்களைப் பார்த்தேன். ஜோர்தானிலிருந்து மேற்குக் கரை வழியாகக் காசாவுக்குப் போக வேண்டிய நிவாரண லாரிகள் அங்கே நின்றன. நிவாரணம் போகக் கூடாது என்ற இஸ்ரேலியர் சிலர் அவற்றின் மேல் ஏறி மாவு மூட்டைகளைக் கிழித்துச் சாலையில் கொட்டினார்கள். லாரிகளுக்குத் தீயும் வைத்தார்கள். காசாவில் பிள்ளைகள் பசியோடு தூங்கிய நாட்கள் அவை. கொட்டியவர்களில் பலருக்கு உங்கள் வயதுதான் இருக்கும்.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். ‘ஸ்டாண்டிங் டுகெதர்’ இயக்கத்தின் ஊதாச் சட்டையோடு, ‘மனிதநேயக் காவல்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, யூதர்களும் இஸ்ரேலின் பாலஸ்தீனக் குடிமக்களுமாகச் சேர்ந்து லாரிகளுக்குக் காவல் நின்றீர்கள். கீழே கிடந்ததில் தேறியதைப் பொறுக்கி மறுபடி ஏற்றினீர்கள்.

அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. “யூதர்கள் குண்டு போடுகிறார்கள்” என்றுதான் அதுவரை நானும் பேசிவந்தேன், எழுதியும் இருக்கிறேன். குண்டு போடுவது ஓர் அரசும் அதன் ராணுவமும். அந்த ராணுவத்தில் சேர மாட்டேன் என்று 18 வயதில் சொல்லிவிட்டு 185 நாள் சிறையில் இருந்த தால் மிட்னிக்கும் யூதர்தான். என் ஒரு சொல்லில் அவரையும் உங்களையும் சேர்த்தே தள்ளிவிட்டேன். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

தெற்கு ஹெப்ரான் மலைகளில், மஸாஃபர் யாத்தாவின் சின்னச் சின்ன ஊர்களில், உங்களைப் போன்ற வேறு சிலர் இரவு தங்குகிறார்கள். காலையில் ஆடு மேய்க்கும் பாலஸ்தீனரோடு கையில் கேமராவுடன் நடக்கிறார்கள். அந்த நிலத்தின் பெரும்பகுதியை 1980களிலேயே ‘918ஆம் துப்பாக்கிச் சுடு பகுதி’ என்று, அதாவது தன் பயிற்சிக்கான இடம் என்று, ராணுவம் அறிவித்துவிட்டது. மக்களை வெளியேற்றலாம் என்று 2022 மே மாதம் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2023 அக்டோபருக்குப் பிறகு மேற்குக் கரையில் குடியேறிய இஸ்ரேலியர்களின் தாக்குதல் கூடி, பக்கத்து ஸனூத்தா ஊர் மக்கள் தங்கள் வீட்டுக் கூரைகளைத் தாங்களே கழற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஓர் இஸ்ரேலியர் பார்த்துக்கொண்டிருந்தால் சில சமயம் ஓங்கிய கை நிற்கிறது. எப்போதும் நிற்பதில்லை, அடி வாங்கியவர்களும் உங்களில் உண்டு.

ஆனால் அந்தக் கை உங்களைக் கண்டு நிற்கிறது என்பதே எனக்கு உறுத்துகிறது. அதே மலையில் உங்களையும் அந்த மேய்ப்பரையும் ஒன்றாகப் பிடித்தாலும் உங்களுக்குச் சிவில் சட்டம், அவருக்கு ராணுவ நீதிமன்றம். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2024 ஜனவரியில் இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்லும் பாலஸ்தீன இயக்கத்தினர் ஸ்டாண்டிங் டுகெதரையே புறக்கணிக்கச் சொன்னார்கள். இப்படிச் சேர்ந்து நிற்பது ஒடுக்குமுறையைச் சகஜமாகக் காட்டிவிடும் என்பது அவர்கள் வாதம். உங்களுக்கு அது வலித்திருக்கும். சொந்த நாட்டில் துரோகிப் பட்டம், பாலஸ்தீனர் பக்கம் சந்தேகம். இருந்தாலும் அவர்கள் கோபத்தை என்னால் தள்ள முடியவில்லை, நீங்களும் தள்ளாதீர்கள். லாரிக் காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்று காப்பாற்றிய மாவு மாவுதான்.

உங்களைப் பற்றி எழுதும்போது நாங்கள் இன்னொரு தவறையும் செய்கிறோம். மேய்ப்பரோடு நடக்கும் யூத இளைஞர் செய்தியாகிறார்; மேய்ப்பர் படத்தின் ஓரத்தில் நிற்கிறார். இந்த மடலில் நானே அதைத்தான் செய்திருக்கிறேன், உங்களைப் பற்றியே பேசிக்கொண்டு.

அதனால் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அந்த மலையில் வீடியோ எடுக்கும்போது கேமராவை அவர் பக்கம் திருப்புங்கள். ஊர்ப் பெயரை அவர் வாயாலேயே சொல்லட்டும். எத்தனை ஆடு இருந்தது, இப்போது எத்தனை மிச்சம், கிணற்றுக்குப் போக விடுகிறார்களா என்பதையும் அவரே சொல்லட்டும். அவர் சம்மதித்தால் அதைத் தமிழில் எழுதி இங்கே படிக்கக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
தமிழில் எழுதும் ஓர் அக்கா