பாப்பா, அந்த வீட்டை வாங்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வாடகைக்கு விட ஒரு வீடு பார்த்திருப்பதாக எழுதியிருந்தாய். மாப்பிள்ளை போட்டு அனுப்பிய கணக்கையும் படித்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வீட்டை விற்கிறவர் போடுகிற கணக்கு. வருடத்தில் பன்னிரண்டு மாதமும் வாடகை வரும், எதுவும் பழுதாகாது, யாரும் காலி செய்யமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டால் எந்த வீடும் லாபம்தான்.

நான் போடுகிற மாதிரி ஒருமுறை போட்டுப் பார். நாணயம் எதுவானாலும் சரி, மாத வாடகை 100, வீட்டின் விலை 20,000 என்று வைத்துக்கொள். வருடத்துக்கு 1,200 வாடகை, அதாவது விலையில் 6 சதவீதம். தரகர் இந்த 6-ஐத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 100 போயிற்று. வரி, காப்பீடு, சில்லறை ரிப்பேர், சில வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட், பத்து வருடம் போல உழைத்துவிட்டு நின்றுபோகும் வாட்டர் ஹீட்டர், என்றைக்காவது பிரித்துப் போட்டே ஆகவேண்டிய கூரை என்று எல்லாவற்றையும் வருடக் கணக்கில் பிரித்துக் கழி. கையில் 700 நின்றாலே நல்லது. அது 3.5 சதவீதம்தான். விலையில் பெரும்பங்கைக் கடனாக வாங்கி, அதன் வட்டியும் இதைவிட அதிகமாக இருந்தால், குடியிருப்பவரோடு சேர்ந்து நீயும் அந்த வீட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருப்பாய்.

வீட்டு விலை ஏறும் என்பார் மாப்பிள்ளை. ஏறலாம். ஏறாவிட்டாலும் தாங்கும் விலை எது என்று முதலில் எழுதி வைத்துக்கொண்டு பேரம் பேசப் போ. அதற்கு மேல் போனால் எழுந்து வந்துவிடு. வாடகை எவ்வளவு வரும் என்பதையும் விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதே. அதில் இருப்பது வீட்டுக்காரர் கேட்கிற வாடகை. அதே தெருவில் குடியிருப்பவர் எவ்வளவு கொடுக்கிறார், அவர் வரும் முன் அந்த வீடு எத்தனை மாதம் பூட்டிக் கிடந்தது என்று விசாரி.

வீட்டை இரண்டாம் தடவை பார்க்கும்போது மழை நாளாகப் பார்த்துப் போ. கட்டிடத்தைக் கெடுப்பதில் பெரும்பங்கு தண்ணீருக்குத்தான். மழைநீர் சுவரை ஒட்டித் தேங்குகிறதா, விலகி ஓடுகிறதா என்று பார். தரைமட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உள்ளே ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம். மாடிக் குளியலறைக்கு நேர் கீழே உள்ள அறையின் உட்கூரை, சமையலறைத் தொட்டியின் அடிப்பக்கம், ஜன்னல் மூலைகள் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்து, கையால் தடவியும் பார். நீ அனுப்பிய படத்தில் மற்ற சுவர்கள் மங்கிக் கிடக்க, கூடத்தில் ஒரே ஒரு சுவர் மட்டும் புத்தம்புதுப் பெயிண்டாக இருக்கிறது. ஏன் என்று கேட்டாயா?

எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிடு. கழிவறையில் தண்ணீர் விட்டு, மற்ற வடிகால்களில் குமிழி வருகிறதா என்று கவனி. விரிசல் இல்லாத வீடு கிடையாது. மயிரிழை விரிசலுக்குப் பயப்படாதே. 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக, செங்கல் வரிசையோடு படிக்கட்டு மாதிரி சாய்வாக ஏறினால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். அங்கே தரகர் சொல்லும் சமாதானத்தைக் கேட்காமல் ஒரு பொறியாளரைக் கூட்டிப் போ. வில்லங்கம், எல்லை, கட்டிட அனுமதி எல்லாம் வக்கீல் பார்க்க வேண்டியவை. அந்த வக்கீல் தரகர் கைகாட்டியவராக இருக்க வேண்டாம்.

வாங்கிவிட்டால் அப்புறம் உன் வேலை வாடகை வசூலிப்பது என்று நினைக்காதே. வாடகை பெரும்பாலும் தானாக வந்துவிடும். நல்ல மனிதரைக் குடிவைத்து அவரை நிறுத்திக்கொள்வதுதான் வேலை. இதற்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். 100 வாடகையை 105 ஆக்கினால் வருடத்துக்கு 60 கூடுதல். அதற்காக அவர் கோபித்துக்கொண்டு காலி செய்து, வீடு ஒரே ஒரு மாதம் சும்மா கிடந்தாலும் 105 நட்டம். அடுத்தவரிடம் 105 வாங்கினாலும் அதை ஈடுகட்ட 21 மாதம் ஆகும், பெயிண்ட் செலவு தனி. அதற்காக வாடகையை உயர்த்தவே செய்யாமல் இருந்தால் செலவு உன்னை முந்திவிடும். அதனால் வருடாவருடம் கொஞ்சமாக, முன்கூட்டியே சொல்லி உயர்த்து. ஒழுங்காக இருப்பவரிடம் அக்கம்பக்க வாடகையைவிடச் சற்றுக் குறைவாக வாங்குவது தர்மம் இல்லை, வியாபாரம்தான்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய இப்போதைய வீட்டுக்காரர் சொல்வதை முழுதும் நம்பாதே. தொல்லை கொடுப்பவரை அனுப்பிவிட நினைக்கிறவர் வாயாரப் புகழ்வார். அதற்கு முந்தைய வீட்டுக்காரரிடம் கேள், அவருக்குப் பொய் சொல்லிக் கிடைப்பது எதுவும் இல்லை. வருமானத்துக்குச் சான்று கேட்கத் தயங்காதே. என்ன சாதி, என்ன சாப்பாடு என்று கேட்கிற வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். வாடகை கட்ட முடியுமா என்பதை மட்டும் கேட்க மறந்துவிடுவார்கள்.

சாவி கொடுக்கும் முன் ஒவ்வொரு அறையையும் படம் எடு. இருக்கிற கீறல், கறை எல்லாவற்றையும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் உன் பணம் அல்ல, தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வை. காலி செய்கிற அன்று வரும் சண்டைகளில் பெரும்பாலானவை அட்வான்ஸைச் செலவழித்துவிட்ட வீட்டுக்காரர்கள் கிளப்புவதுதான். வாடகை தாமதமானால் முதல் முறையே மரியாதையாகக் கேட்டுவிடு. மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு நாலாவது மாதம் கத்துவதில் பயன் இல்லை.

ரிப்பேர் என்று கூப்பிட்டால் முகம் சுளிக்காதே. ஒருமுறை சுளித்தால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள், கசிவு உள்ளேயே ஓடும். வினாடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் வருடத்தில் ஆயிரக்கணக்கான லிட்டரை வீணாக்கும், சரிசெய்யப் பெரும்பாலும் ஒரு வாஷர் போதும். கழிவறைத் தொட்டியில் ஓசையில்லாமல் கசிகிறதா என்று பார்க்க, தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் உணவு நிறத்தைக் கலந்து, யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பத்து நிமிடம் விடு. கீழே கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் வால்வு போய்விட்டது.

மின்சாரத்திலும் கேஸிலும் மட்டும் சிக்கனம் பார்க்காதே. சுவிட்ச் பெட்டியில் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இருக்க வேண்டும். அதன் டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்கக் குடியிருப்பவருக்கும் சொல்லிக்கொடு. கேஸ் ஹீட்டர் இருந்தால் புகை வெளியேறும் வழியை வருடம் ஒருமுறை அந்த வேலை தெரிந்தவரை வைத்துச் சோதித்துவிடு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

அப்புறம், மாப்பிள்ளை எல்லா ரிப்பேரையும் தானே செய்துவிடுவதாக எழுதியிருக்கிறார். பெயிண்ட் அடிக்கட்டும், தாழ்ப்பாள் மாற்றட்டும். ஆனால் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் கணக்கில் ஒரு கூலி போட்டுக்கொள். இல்லாவிட்டால் வராத லாபம் வந்த மாதிரி தெரியும். ரசீதுகளுக்கு வீட்டுக்கு ஒரு கோப்பு போடச் சொல்கிறாள் உன் அம்மா. நம் வீட்டுக் கணக்கை வரி கட்டும் நாளில் காப்பாற்றுவது அவள் கோப்புகள்தான்.

ஒன்று மட்டும் நீ எழுதவில்லை. வீடு காலியாகக் கிடந்தாலும் ஆறு மாதத் தவணை கட்டுகிற அளவுக்கு, ரிப்பேருக்கும் சேர்த்து, தனியாகப் பணம் வைத்திருக்கிறாயா? இருந்தால் அந்தச் சுவரைப் பற்றிக் கேட்டுவிட்டு எனக்கு எழுது, மேலே பேசலாம். இல்லையென்றால் இப்போது வேண்டாம், ஒரு வருடம் சேர்த்துவிட்டுப் பார்.

அன்புடன்,
அப்பா