சூரிய வெந்நீர்க் கருவி வாங்கவிருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

கூரையில் சூரிய வெந்நீர்க் கருவி பொருத்துவது பற்றிப் பேச ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர் வரும் சனிக்கிழமை மாலை உங்கள் வீட்டுக்கு வருகிறார் என்றும், அப்போது நீயும் மாப்பிள்ளையும் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும் என்று அவர் தொலைபேசியில் வற்புறுத்தினார் என்றும் எழுதியிருந்தாய். கருவி நல்ல கருவிதான். நீங்கள் அதை வாங்குவதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்த வற்புறுத்தல்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. கருவியைப் பற்றி விளக்கவும் கூரையை அளக்கவும் வீட்டில் ஒருவர் இருந்தால் போதும். இருவரும் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்பது, "அவரோடு கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று நீ சொல்வதற்கு இடமில்லாமல் செய்வதற்காக. அன்று மாலையே கையெழுத்து வாங்கிவிடும் எண்ணத்தோடு வருகிறவர்தான் பெரும்பாலும் அப்படிக் கேட்பார்.

ஆகவே அவர் வருவதற்கு முன்பே நீங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். அவர் வீட்டுக்குள் இருக்கும் வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை. முன்பணமாக ஒரு சிறு தொகைகூடத் தருவதில்லை. "நான் வந்து பார்த்தேன் என்பதற்கு ஓர் அத்தாட்சிதான்" என்று நீட்டப்படும் தாளும், கைப்பேசித் திரையில் விரலால் போடச் சொல்லும் கையெழுத்தும் இதில் அடக்கம். ஒப்பந்தம் எந்தத் தாளில் ஒளிந்திருக்கிறது என்பது நிதானமாகப் படித்தால்தான் தெரியும். எதிரில் ஒருவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது யாராலும் நிதானமாகப் படிக்க முடியாது.

இந்தக் கருவியில் இன்றே முடிவெடுத்தாக வேண்டிய அவசரம் எதுவும் இல்லை என்பதை வெந்நீர்க் குழாய்களைப் பழுதுபார்த்த ஒரு தொழிலாளியாகவே சொல்கிறேன். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர், கண்ணாடி மூடிய பெட்டிக்குள் தண்ணீர்த் தொட்டிகளை வைத்து வெயிலில் சூடாக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றது 1891-இல். வெயில் வாங்கும் தகட்டையும் வெந்நீர்த் தொட்டியையும் தனித்தனியாகப் பிரித்து, தொட்டிக்கு வெப்பக்காப்பு கொடுத்து, இரவிலும் வெந்நீர் கிடைக்கும்படி செய்த வில்லியம் பெய்லியின் அமைப்பு 1909-இல் வந்தது. இன்று விற்கப்படும் பெரும்பாலான வீட்டுக் கருவிகள் அந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. நூறாண்டுக்கு மேலாக இருந்துவரும் ஒரு பொருள் அடுத்த வாரமும் கிடைக்கும். வேறு பலரிடமும் கிடைக்கும்.

அவர் வந்தவுடன் கருவியைப் பற்றிப் பேச மாட்டார். கட்டணங்கள் ஏறிக்கொண்டே போவது கவலையாக இல்லையா, பிள்ளைகளுக்குத் தூய்மையான உலகத்தை விட்டுச்செல்ல வேண்டாமா என்று, எவரும் ஆம் என்றே சொல்லக்கூடிய கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார். சிறியதொன்றுக்கு இசைந்தவர் பெரியதற்கும் இசைவார் என்பது ஆய்விலேயே தெரிந்த செய்தி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இருவர் 1966-இல் வெளியிட்ட ஆய்வில், பாதுகாப்பாக வண்டி ஓட்டச் சொல்லும் பெரிய பலகையொன்றை வீட்டின் முன் நட்டுக்கொள்ளச் சம்மதமா என்று வீட்டுக்காரர்களைக் கேட்டார்கள். நேரடியாகக் கேட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரே ஒப்புக்கொண்டார்கள். அதே பொருளைப் பற்றிய சின்னஞ்சிறு அட்டை ஒன்றை வைத்துக்கொள்ள ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தவர்களிடம் அந்த விகிதம் 76-ஆக உயர்ந்தது. நீ அறிவில் குறைந்தவள் என்பதால் இதை எழுதவில்லை. சொன்ன சொல்லுக்கு மாறாக நடக்கக் கூசும் நல்ல மனிதர்களிடம்தான் இந்த முறை நன்றாகப் பலிக்கிறது, நீ அப்படிப்பட்டவள்.

பிறகு விலை வரும். முதலில் மிக உயர்ந்த ஒரு தொகையைச் சொல்லி உங்களைத் திகைக்க வைப்பார். பின்னர், உங்கள் வீட்டை இந்தப் பகுதியின் மாதிரி வீடாக வைத்துக்கொள்கிறோம் என்று ஒரு தள்ளுபடி, உங்கள் பெயரை மற்றவர்களிடம் சொல்ல அனுமதி தந்தால் இன்னொரு தள்ளுபடி, இறுதியில் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து உங்கள் முன்னாலேயே மன்றாடி வாங்கும் ஒரு தள்ளுபடி, அதுவும் இன்று இரவு வரை மட்டும். அந்த முதல் விலையை எவரும் கொடுத்ததில்லை. குறைத்துக் காட்டுவதற்காகவே அது உயர்த்தப்பட்டது. தள்ளுபடி எவ்வளவு என்று பார்க்காதே. இதே அளவுத் தொட்டியும் இதே பரப்பளவுத் தகடும் கொண்ட கருவியை வேறு இரண்டு மூன்று நிறுவனங்கள் என்ன விலைக்குத் தருகின்றன என்பது ஒன்றே பொருட்படுத்தத் தக்கது, அதை அறிய உனக்குச் சில நாள் வேண்டும். அந்தச் சில நாளை உனக்குத் தராமல் இருப்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

விற்பவர் காட்டும் சேமிப்புக் கணக்கை நீயே சரிபார்க்கலாம். தண்ணீரின் லிட்டரை, உயர்த்த வேண்டிய டிகிரியால் பெருக்கி 860-ஆல் வகுத்தால் தேவையான வெப்பம் மின்சார யூனிட்டில் கிடைத்துவிடும். 150 லிட்டரை 30 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஐந்து யூனிட்டுக்குச் சற்று அதிகமாக வேண்டும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் ஏறத்தாழ 1000 வாட். நல்ல வெயில் நாள் முழுவதும் சேர்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து யூனிட் என்று வைத்துக்கொள். அதில் பாதி தண்ணீரில் சேர்கிறது என்றாலும், இரண்டு சதுர மீட்டர் தகடு தருவது ஐந்து யூனிட்தான். ஆகவே இரண்டு சதுர மீட்டர் தகட்டோடு 300 லிட்டர் தொட்டியைப் பெருமையாக விற்கிறவர் உங்களுக்கு விற்பது வெதுவெதுப்பான தண்ணீரைத்தான். தொட்டியின் லிட்டரை மட்டும் சொல்லி, தகட்டின் பரப்பளவைச் சொல்லாமல் நழுவுகிறாரா என்று கவனித்துப் பார்.

இன்னொரு வகையாகவும் இந்தக் கணக்கு உதவும். இப்போது தண்ணீரைச் சூடாக்க நீங்கள் செலவிடும் தொகைக்கு மேல் இந்தக் கருவியால் ஒரு காசும் மிச்சப்படுத்த முடியாது. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் வீட்டில் செலவாகும் மொத்த ஆற்றலில் வெந்நீருக்குப் போவது 15 முதல் 20 விழுக்காடுதான். உங்கள் வீட்டில் அது கூடலாம், குறையலாம். ஆனால் உங்கள் பட்டியல்களைப் பார்க்காமலேயே, மொத்தக் கட்டணமும் பாதியாகிவிடும் என்று ஒருவர் சொன்னால் அவர் சூரிய மின்தகட்டையும் சூரிய வெந்நீரையும் வேண்டுமென்றே குழப்புகிறார் என்று கொள்ளலாம். மேகமூட்டமான நாள்களில் துணை ஹீட்டர் ஓடும், அதற்கு மின்சாரம் வேண்டும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல். தொட்டித் தண்ணீரில் நோய்க்கிருமி வளராமலிருக்க 60 டிகிரி வேண்டும். வெயில் அதைத் தராத நாளில் ஹீட்டர்தான் தர வேண்டும்.

அளவைப் பெருக்கி விற்பதும் உண்டு. குளிக்கும்போது யாரும் 60 டிகிரி நீரை அப்படியே ஊற்றிக்கொள்வதில்லை. 20 டிகிரியில் இருக்கும் குழாய்த் தண்ணீரோடு கலந்தால், 150 லிட்டர் வெந்நீர் 40 டிகிரியில் 300 லிட்டராகிவிடும். உங்கள் தேவையை இந்தக் கலப்பை வைத்துக் கணக்கிடு.

கூரைக்கு ஏறாமல் விலை சொல்கிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள். தகடு நிலநடுக்கோட்டைப் பார்த்திருக்க வேண்டும். அதாவது வடகோளத்தில் தெற்கு நோக்கி, தென்கோளத்தில் வடக்கு நோக்கி. காலை பத்து முதல் மாலை மூன்று வரை மரத்தின் நிழலோ பக்கத்துக் கட்டடத்தின் நிழலோ விழக் கூடாது. நிரம்பிய தொட்டியின் எடையைக் கூரை தாங்க வேண்டும். 150 லிட்டர் தண்ணீர் மட்டுமே 150 கிலோ. தொட்டியிலிருந்து குளியலறை வரை உள்ள குழாய் நீளமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் அத்தனை தண்ணீரும் ஆறிக்கிடக்கும், ஆகவே குழாய்க்கும் வெப்பக்காப்பு வேண்டும். இவற்றையெல்லாம் பாராமல் சொல்லும் விலை உங்கள் வீட்டுக்கான விலை அல்ல. வெயில் வாங்கும் பகுதிக்கு வெற்றிடக் கண்ணாடிக் குழாய் உயர்ந்ததா, தட்டைத் தகடு உயர்ந்ததா என்ற வாதத்தில் அதிக நேரத்தைச் செலவிட வேண்டாம். குளிரும் காற்றும் மிகுந்த இடத்தில் முதலாவது நன்று, மிதமான இடத்தில் இரண்டாவதே போதும். உப்பு மிகுந்த தண்ணீராக இருந்தால் இரண்டிலும் உப்புப் படியும், அதற்கு என்ன வழி வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேள். இத்தகைய தகடுகளைச் சோதிப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9806-இன்படி தகடு சோதிக்கப்பட்டதா, சோதனை அறிக்கையின் நகல் கிடைக்குமா என்றும் கேட்டு வாங்கு.

உத்தரவாதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெந்நீர்க் குழாய்களைப் பழுதுபார்த்தே வாழ்நாளைக் கழித்தவன் நான். பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் நீண்ட ஆண்டுக் கணக்கு பெரும்பாலும் தகட்டுக்கோ தொட்டியின் உட்கூட்டுக்கோ உரியது. முதலில் பழுதாகிறவை கசிவைத் தடுக்கும் கேஸ்கெட், வால்வு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், ஹீட்டர் காயில் ஆகியவைதான். அவற்றுக்கான உத்தரவாதம் மிகக் குறுகியதாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. தொட்டி துருப்பிடிக்காமல் காக்க உள்ளே ஒரு மெக்னீசியக் கம்பி தொங்கும். தொட்டிக்குப் பதிலாக அது கரைந்துபோகும்படி வைக்கப்பட்டது. குறித்த காலத்தில் அதைப் பார்த்து மாற்றாவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்ற விதி சிறிய எழுத்தில் இருக்கக்கூடும். பழுது நேர்ந்தால் ஆள் அனுப்பும் கூலி, கூரையில் ஏறும் செலவு, கழற்றி மாட்டும் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் கேள். வாயால் சொன்ன வாக்குறுதி ஒவ்வொன்றையும் அந்தத் தாளில் எழுதித் தரச் சொன்னால், எது உண்மை என்று அப்போதே தெரிந்துவிடும்.

உங்கள் பழைய ஹீட்டரைப் பார்த்துவிட்டு, இது எந்த நேரமும் வெடிக்கும் என்று அவர் பயமுறுத்தினால் கலங்க வேண்டாம். ஆபத்து உண்மையாக இருந்தால் மின்இணைப்பைத் துண்டித்து வைத்துவிட்டு, எதையும் விற்காத ஒரு பழுதுபார்ப்பவரை அழைத்துப் பாதுகாப்பு வால்வைச் சோதிக்கச் சொல், அதுவே தீர்வு. அரசு மானியம் இந்த மாதத்தோடு முடிகிறது என்றால் அரசுத் துறையிடம் நீயே விசாரி, அவர் தரும் எண்ணில் அல்ல. மாதத் தவணை சிறியதாகத் தெரிந்தால் தவணையை மாதங்களால் பெருக்கி மொத்தத்தைப் பார். கடனுக்கு வீடு ஈடாக வைக்கப்படுகிறதா என்பதையும் பார்.

உனக்குக் கடினமாக இருக்கப்போவது கணக்கு அல்ல, மறுப்புச் சொல்வதுதான். வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் பேசியவரை வெறுங்கையோடு அனுப்ப உனக்கு மனம் வராது என்பது எனக்குத் தெரியும். அவரும் விற்றால்தான் கூலி என்ற நிலையில் இருப்பவராக இருக்கலாம். அதற்காக அவரிடம் கடுமையாகப் பேச வேண்டியதில்லை. ஆனால் காரணம் சொல்லாதே. விலை அதிகம் என்றால் குறைப்பார், பணம் இல்லை என்றால் கடன் ஏற்பாடு செய்வார், யோசிக்க வேண்டும் என்றால் எதைப் பற்றி என்று கேட்பார். ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் பயிற்சி பெற்ற விடை இருக்கிறது. "நன்றி, விவரங்களை எழுத்தில் அனுப்புங்கள், நாங்கள் படித்துவிட்டுத் தொடர்புகொள்கிறோம்" என்ற ஒரே வாக்கியத்தை, எத்தனை முறை கேட்டாலும் அதே சொற்களில் சொல்லிக்கொண்டிரு. அதற்கும் அவர் எழாவிட்டால் மாப்பிள்ளை எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்து நிற்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கையெழுத்தாகிவிட்டால் என்னிடம் மறைக்க வேண்டாம், அன்றைக்கே சொல். வீட்டுக்கு வந்து செய்யும் விற்பனையை ரத்துசெய்யப் பல நாடுகளின் சட்டம் அவகாசம் தருகிறது: ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக 14 நாள், அமெரிக்காவில் 3 வேலை நாள். உங்கள் இடத்துச் சட்டம் என்ன என்பதைச் சனிக்கிழமைக்கு முன்பே நுகர்வோர் அமைப்பு ஒன்றில் கேட்டு வைத்துக்கொள். ரத்துக்கடிதத்தை எழுத்தில், தேதியுடன், பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கிடைக்கும் வழியில் அனுப்ப வேண்டும். நாளைக்கே ஆள்களை அனுப்பி வேலையை முடித்துவிடுகிறோம் என்றால் இடம் கொடுக்காதே; உங்கள் சம்மதத்தோடு வேலை தொடங்கிவிட்டால் செய்த வேலைக்குப் பணம் கேட்கவும், ரத்தை மறுக்கவும் அவர்களுக்குப் பிடி கிடைத்துவிடும்.

அவர் விட்டுச்செல்லும் விலைப்பட்டியலையும், மற்ற நிறுவனங்கள் அனுப்புகிறவற்றையும், கூரையை நான்கு பக்கமிருந்தும் எடுத்த படங்களையும் எனக்கு அனுப்பு. தகட்டின் பரப்பளவு, தொட்டியின் கொள்ளளவு, குழாயின் நீளம் ஆகிய மூன்றும் ஒவ்வொரு பட்டியலிலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பினால் போதும். ஒப்பிட்டு, எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா