ரிப்போர்ட்டில் "தொற்று இல்லை" என்று நீங்கள் அச்சடித்த வரி பற்றி

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவுக்கு, வணக்கம்.

ஐந்து மாதத்துக்கு முன் உங்கள் லேபில் ஹெபடைட்டிஸ் பி டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தேன். செக்கப்பில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதி இருக்கவேண்டியதைப் போல இரண்டு மடங்கு இருந்ததால் டாக்டர் எழுதிக் கொடுத்தது. மறுநாளே ரிப்போர்ட் வந்துவிட்டது. எச்.பி.எஸ்.ஏஜி (வைரஸின் மேலுறைப் புரதம்) 0.31, கட்-ஆஃப் 1.0, நெகட்டிவ். அதுவரை சரி. அதற்குக் கீழே தடித்த எழுத்தில், "ஹெபடைட்டிஸ் பி தொற்று இல்லை" என்று ஒரு வரி. என் புகார் அந்த வரியின் மேல்தான்.

அதைப் பார்த்த டாக்டர், அப்படியென்றால் கல்லீரலில் சேர்ந்த கொழுப்புதான் காரணமாக இருக்கும், எடையைக் குறையுங்கள் என்றார். தினமும் நடந்து 6 கிலோ குறைத்தேன், எஸ்.ஜி.பி.டி. மட்டும் அசையவில்லை. அப்புறம் இன்னொரு டாக்டரிடம் போனபோது அவர் உங்கள் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, வேறு லேபில் ஆன்டி-எச்பிசி டோட்டல் (வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடி) எடுக்கச் சொன்னார். பாசிட்டிவ். உடனே பி.சி.ஆரில் வைரல் லோடு பார்த்தார்கள், ரத்தத்தில் வைரஸின் டி.என்.ஏ. இருந்தது. மேலுறைப் புரதத்துக்கான எஸ் ஜீனை வரிசைப்படுத்திப் பார்த்ததில் காரணமும் கிடைத்தது: அந்தப் புரதத்தில் 145ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்கவேண்டும், என் வைரஸில் அங்கே ஆர்ஜினின்.

உங்களுக்கு நான் பாடம் நடத்தவேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 124 முதல் 147 வரையுள்ள 'ஏ டிடர்மினன்ட்' பகுதியைத்தான் பெரும்பாலான கிட்டுகளின் ஆன்டிபாடி பிடிக்கிறது. அங்கே ஒரு அமினோ அமிலம் மாறினால் மடிப்பே மாறிவிடும், வைரஸ் கண்ணெதிரே நின்றாலும் ஆன்டிபாடிக்கு ஆள் தெரியாது. இந்த 145 மாற்றம் நேற்று வந்ததும் அல்ல. இத்தாலியில் தடுப்பூசி போட்டும் தொற்று வந்த ஒரு குழந்தையிடம் இதைக் கண்டதாக 1990லேயே எழுதிவிட்டார்கள். இந்த வைரஸ் ஆர்.என்.ஏ. வழியாகச் சுற்றிப் போய்த் தன்னைப் பிரதியெடுக்கிறது, பிரதியெடுக்கும் நொதியான பாலிமரேஸுக்குப் பிழைதிருத்தும் வேலை தெரியாது, அதனால் எழுத்துப் பிழைகள் வந்துகொண்டேதான் இருக்கும். அதன் மரபணுத் தொகுதி மொத்தமே சுமார் 3,200 எழுத்து, அதிலும் ஒரு ஜீனின் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. இந்த வைரஸுக்குக் கொடுக்கும் லாமிவுடின் மாதிரி மருந்தால் பாலிமரேஸில் மாற்றம் வந்தால் மேலுறையும் சேர்ந்து மாறலாம்.

டெஸ்ட் தவறவிட்டதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. எந்த கிட்டும் சிலதைத் தவறவிடும். ஆனால் கிட் சொன்னது "என் ஆன்டிபாடியில் எதுவும் சிக்கவில்லை" என்பது மட்டும்தான். "தொற்று இல்லை" என்பது நீங்களாகச் சேர்த்துக்கொண்டது. அந்த வரியை நம்பி ஐந்து மாதம் என் மனைவிக்கு டெஸ்டும் எடுக்கவில்லை, தடுப்பூசியும் போடவில்லை. இப்போதுதான் எடுத்தோம், நல்லவேளையாக அவருக்குத் தொற்று இல்லை (இது மூன்று டெஸ்டும் பார்த்துச் சொன்னது), முதல் டோஸ் போட்டாயிற்று, இன்னும் இரண்டு பாக்கி.

இரண்டு முறை உங்களுக்குப் போன் செய்தேன். முதல் முறை எடுத்தவர், "வேல்யூ ஒன்றுக்குக் கீழே இருந்தால் நெகட்டிவ்தான் சார்" என்று அதையே நான்கு தடவை சொன்னார். எந்த கிட், அதில் ஒரே ஆன்டிபாடியா பலதா, 145 மாதிரி மாற்றங்களைப் பிடிப்பதாகத் தயாரிப்பாளர் சொல்கிறாரா என்று கேட்டேன், லைன் மாறிக்கொண்டே இருந்தது. இரண்டாம் முறை பேசியவர் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார். அந்தப் பணம் எனக்கு வேண்டாம்.

எனக்கு வேண்டியது, அன்று பயன்படுத்திய கிட்டின் பெயரும் லாட் எண்ணும். இனி ரிப்போர்ட்டில் கிட்டின் பெயர் இருக்கட்டும், "தொற்று இல்லை" என்பதை எடுத்துவிட்டு "எச்.பி.எஸ்.ஏஜி கண்டறியப்படவில்லை" என்று போடுங்கள். கல்லீரல் நொதி கூடியிருப்பவர்களுக்கு ஆன்டி-எச்பிசியும் டி.என்.ஏ.வும் பார்ப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள் என்று ஒரு வரி சேர்த்தால் காகிதம் ஒன்றும் தீர்ந்துவிடாது.

இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் மைக்ரோபயாலஜிஸ்ட் கையெழுத்துப் போட்ட பதிலாக அனுப்புங்கள், தயவுசெய்து போனில் வேண்டாம்.