ஒரு நிமிட விளக்கும் அறுபது வருடப் பாட்டும்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிவிட்டது. அம்மா சில நாள் உன் பெயரையே மறந்துவிடுகிறார், ஆனால் சிறுமியாக இருந்தபோது கற்ற பாட்டை அடி பிசகாமல் பாடுகிறார் என்று எழுதியிருந்தாய். படித்த அன்று பதில் எழுத மனம் வரவில்லை. "அறுபது வருடமாக அந்தப் பாட்டு மூளையில் எதன் மேல் எழுதியிருக்கிறது?" என்று கேட்டிருந்தாயே, என் ஆய்வுக்கூட வேலை முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். தெரிந்தவரை சொல்கிறேன்.

எழுதிய பலகையே நிலையாக இல்லை என்பதுதான் சிக்கல். மூளையின் புரதங்களில் பெரும்பாலானவை சில நாள்களிலோ சில வாரங்களிலோ சிதைந்துபோகின்றன, அந்த இடத்துக்குப் புதியவை வருகின்றன. அப்படியானால் நினைவு மட்டும் எப்படி நிற்கிறது? டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் 1984-இல் இதைக் கேட்டார். அடுத்த வருடமே ஜான் லிஸ்மன் ஒரு வழி சொன்னார். கைனேஸ் என்பது மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட் என்ற சிறு குறியை ஒட்டும் நொதி. அது தன் இனத்தின் மேலேயே குறி ஒட்டினால்? பழைய மூலக்கூறு போய்ப் புதியது வந்து சேரும்போது, இருப்பவை வந்ததன் மேலும் குறி ஒட்டிவிடும். பாடகர் குழுவில் ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும், இருப்பவர்கள் வந்தவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பாட்டு நிற்பதைப் போல.

இதற்குப் பொருத்தமான புரதம் ஒன்று உண்டு, கேம் கைனேஸ் 2. பன்னிரண்டு அலகுகள் சேர்ந்த கூட்டம் அது. இரண்டு நரம்பணுக்கள் சேதி பரிமாறும் இடமான நரம்பிணைப்புக்குள் கால்சியம் பாயும்போது கால்மோடுலின் என்ற சிறு புரதம் நான்கு கால்சியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டு வந்து இதை எழுப்புகிறது. விழித்த அலகு பக்கத்து அலகின் 286-ஆவது அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அப்புறம் கால்சியம் வெளியேறினாலும் அது தூங்குவதில்லை. அந்த ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிய எலிகளால், தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையின் இடத்தைக் கற்றுக்கொள்ள முடியவில்லை என்று 1998-இல் தெரிந்தது. ஆயிரக்கணக்கான புரதங்கள் உள்ள மூளையில் ஒரு எழுத்து மாறியதற்கு இவ்வளவு விளைவு! எத்தனை முறை படித்தாலும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்தக் குறிகளைப் பார்ப்பது லேசில்லை. திசுவை அரைத்து, புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டு, பாஸ்பேட் ஒட்டிய வடிவத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றினால் குறி இருக்கும் இடத்தில் ஒரு பட்டை தெரியும். அதற்குள் குறி அழிந்துவிடக் கூடாது. அதை அழிக்கும் நொதிகள், உயிர் போன பின்னும் வேலையை நிறுத்துவதில்லை. போன மாதம் எங்கள் மாணவி ஒருத்தி திசுவைத் திரவ நைட்ரஜனில் போடச் சில நிமிடம் தாமதித்துவிட்டாள். நாங்கள் தேடிய பட்டை வரவே இல்லை. மூன்று வார உழைப்பு. அவள் அழுதுவிட்டாள். எனக்கும் இப்படி நடந்ததுண்டு என்று சொல்லித் தேற்றினேன். இது இந்தத் துறையையே ஏமாற்றிய விஷயம். அல்சைமர் நோயில் டௌ என்ற நரம்பணுப் புரதத்தின் மேல் கிடைத்த பாஸ்பேட் குறிகளில் பல நோய்க்கே உரியவை என்று நினைத்திருந்தார்கள். உயிருள்ளவர்களிடமிருந்து அறுவையின்போது எடுத்த திசுவை உடனே பார்த்தபோது, அவற்றில் பல நோயில்லாத மூளையிலும் இருப்பது 1994-இல் தெரியவந்தது. இறந்த பின் தாமதித்து எடுத்த திசுவில் அவை அழிந்துபோயிருந்தன.

அதனால்தான் உயிரோடிருக்கும்போதே பார்க்கும் வழி எனக்கு இவ்வளவு பிடிக்கிறது. ஒசாமு ஷிமோமுரா 1962-இல் ஒரு ஜெல்லி மீனிலிருந்து பிரித்த பச்சை ஒளிர் புரதம்தான் அதற்கு அடிப்படை. கைனேஸின் ஒரு நுனியில் ஒளிரும் புரதம், மறு நுனியில் அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ளும் புரதம். கைனேஸ் விழித்து விரியும்போது இரண்டும் விலகும். ஒளிர்வு மாறுவதை வைத்து அது விழித்ததை அறியலாம். ரியோஹெய் யசுதாவின் குழு 2009-இல் இப்படி ஒரே ஒரு நரம்பு முள்ளுக்குள், அதாவது நரம்பிணைப்பில் சேதியை வாங்கும் சிறு புடைப்புக்குள், பார்த்தது. முள்ளைத் தூண்டியதும் அது பெரிதானது, கைனேஸ் சில நொடியில் விழித்தது. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் கைனேஸ் அடங்கிவிட்டது! முள் மட்டும் பெரிதாகவே நின்றது.

ஆக, லிஸ்மன் சொன்னபடி தன்னைத் தானே எழுப்பிக்கொண்டே இருக்கும் கைனேஸ் என்ற அணையாத விளக்கு, நாம் நினைத்தபடி எரியவில்லை. கைனேஸ் தொடங்கி வைக்கிறது, நிலைக்க வைப்பது வேறு ஏதோ என்பது என் எண்ணம். விழித்த கைனேஸ், சேதியை வாங்கும் ஏற்பிப் புரதத்தோடு போய் ஒட்டிக்கொண்டு, நரம்பிணைப்பின் கட்டமைப்பையே மாற்றுகிறது என்பதற்கு நல்ல ஆதாரங்கள் வந்திருக்கின்றன. ஆனால் அறுபது வருடத்துக்கு அது போதுமா என்ற உன் கேள்விக்கு இன்னும் யாரிடமும் முழுப் பதில் இல்லை.

சரி, அம்மாவுக்குத் தூக்கம் எப்படி? அதை நீ எழுதவே இல்லை. அடுத்த மாதம் ஒரு வாரம் விடுப்பு எடுத்து வருகிறேன். என்னை அடையாளம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பாட்டை அவர் பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்